உயிரோடு ஜன்னல் வழியே

ஒனோரினா வலையின் கிழிந்த கண்ணைக் கட்டைவிரலால் விரித்து, ஊசியை உள்ளே விட்டு வாங்கி, முடிச்சை இறுக்கினாள். அடுத்த கண். அதற்கடுத்தது. வேலையைக் கை பார்த்துக்கொண்டது. பார்வை ஜன்னலுக்கு வெளியே ஏரியில் இருந்தது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய கணுக்காலுக்குத் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி எத்தனாவது படியில நிக்குது?” என்று கேட்டாள்.

“மூணாவது முங்கிடுச்சு.”

“நேத்து?”

“நேத்து முதல் படி.”

அவள் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை நண்பகலுக்குள் அவள் கரையிலுள்ள ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்க வேண்டும். செவ்வாய் காலை அவளுடைய வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கப்போகிறார்கள். பதினாறு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் இருதயம் மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் இருக்காது என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அவள் அந்த மாடி அறையிலிருந்து வாசலுக்கு இறங்கி நான்கு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

எங்கள் தீவில் எல்லோரும் மாடியில்தான் வாழ்கிறோம். கீழ்த்தளம் படகுச் சாமான்களுக்கும், வருஷம் விட்டு வருஷம் வந்து போகும் தண்ணீருக்கும். இடம் போதாத ஊர் என்பதால் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் படிக்கட்டுக்கு ஒதுக்கியது மிகக் குறைவு. ஒனோரினா வீட்டில் பதினான்கு படிகள். ஏறும்போது என் இரண்டு தோளும் இரண்டு சுவரிலும் உரசும், நான் ஒல்லி. ஏழாவது படியில் படிக்கட்டு முறுக்கித் திரும்பும். முட்டியும் இடுப்பும் நன்றாக இருக்கும் வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரு நாள் அவை போய்விடும்; அன்றைக்கு மாடியில் இருப்பவர் மாடியிலேயே இருந்துவிடுவார்.

ஏரியைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதற்கு மேலே சுவரிலிருந்து ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு கப்பி. தண்ணீர் உள்ளே வரும் வருஷங்களில் அடுப்பு, அலமாரி, மாவு மூட்டை எல்லாம் அதில் கட்டித்தான் மேலே போகும். மற்ற நாட்களில் ரொட்டியும் பாலும் கூடையில் போகும். இறங்குவது ஒன்றே ஒன்றுதான். சவப்பெட்டி அந்த ஏழாவது படியில் திரும்பாது. அதனால் எங்கள் ஊரில் இறந்தவர்கள் ஜன்னல் வழியாகவே படகுக்கு இறங்குகிறார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொள்வார்கள், யாரும் பேசமாட்டார்கள், பெட்டி படகில் பட்டதும் மேலே நிற்பவர் ஜன்னலின் மரக்கதவைச் சாத்திவிடுவார். மூன்று நாள் திறக்கக்கூடாது. இறந்தவரின் துணியை ஒன்பது நாள் நனைக்கக்கூடாது.

நான் மாவட்ட சுகாதார வேலையில் நாற்பது வருஷம் இருந்தவள். இந்த வழக்கங்களை வைத்து யாரையும் கேலி செய்வதில்லை. ஆனால் நோயாளியை நகர்த்த வேண்டிய நாளில் அவை குறுக்கே படுத்துக்கொள்ளும். அப்போது சுற்றிக்கொண்டு போக வழி பார்ப்பேன்.

ஒனோரினாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுபத்தொரு வருஷம் முன்பு மூன்று வீடு தள்ளிப் பிறந்தாள். செவெரினோ என்ற மீனவனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் அவள் தாய்க்கு ஒரு பெண் பிறந்து ஐந்து மாதத்தில் போய்விட்டது. அதன் பெயரும் ஒனோரினாதான். மூன்று வருஷம் கழித்து இவள் பிறந்ததும் அந்தப் பெயரையே வைத்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். குழந்தை போனாலும் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்குக் கோயில் மணி அடிக்கும் வழக்கம் இல்லாததால் அந்த முதல் ஒனோரினாவுக்கு மணியும் அடிக்கவில்லை. “என் பேரு ரெண்டாங்கை” என்று இவள் சொல்லிக்கொள்வாள். வருத்தமாக அல்ல, சட்டையைப் பற்றிச் சொல்வதுபோல.

வலை பின்னினாள், மீன் கழுவினாள், செவெரினோ பிடித்து வந்ததைக் கரைச் சந்தையில் விற்றாள். பிள்ளைகள் இல்லை. பத்தொன்பது வருஷம் முன்பு அவன் இறந்தபோது பெட்டி இந்த ஜன்னல் வழியாகத்தான் இறங்கியது. பாதி வழியில் கயிறு ஒரு முழம் நழுவிப் பெட்டி சுவரில் மோதியது. ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது. உள்ளே அவன் தலை பலகையில் இடித்த சத்தத்தை அவள் மேலே நின்று கேட்டாள். அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை படகுகள் தீவுக்கு ஆட்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு படகுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி பத்து நிமிஷம். அதற்குள் அவர்கள் ஊரைச் சுற்றி, மீன் சாப்பிட்டு, பூனைகளைக் கொஞ்சி, அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணாந்தால் ஒனோரினா. பச்சை மரக்கதவு, நீல மேலாடை, மடியில் வலை. படம் எடுக்காமல் போனவர்கள் குறைவு. செவெரினோவின் அக்கா மகன் இவானோ, படகு ஓட்டுகிறவன், படகுத்துறையில் ஒரு சின்னக் கடையும் வைத்திருக்கிறான். அதில் தொங்கும் அஞ்சலட்டைகளில் அதிகம் விற்பது இவள் படம் போட்டதுதான். இவளிடம் கேட்டுத்தான் அச்சடித்தான். “என்னால போக முடியாத ஊருக்கெல்லாம் அது போகுதே, போகட்டும்” என்றாள்.

ஒரு கோடையில் வெளிநாட்டுப் பெண்ணொருத்தி கீழே நின்று கையாட்டி, இங்கே வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். இவானோ மொழிபெயர்த்துக் கத்தினான். ஒனோரினா ஊசியை நிறுத்தவே இல்லை.

“அவளை மேல வரச் சொல்லு, நான் கீழ போறேன்.”

இவானோ அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த கடிதம் வந்ததும் செப்டம்பரிலேயே நாங்கள் பயிற்சி ஆரம்பித்தோம். நின்று இறங்க அவளால் முடியாது. உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் இறங்கலாம். நான் கீழே இருந்து அவள் பாதங்களைப் பிடித்துக்கொள்வேன். முதல் வாரம் இரண்டு படி. அக்டோபர் முடிவில் ஏழாவது வரை வந்து, திருப்பத்தில் உட்கார்ந்து, கீழே வாசல் வெளிச்சத்தைப் பார்த்தாள். நான்கு வருஷத்தில் முதல் முறை. “மாவு மூட்டை நாத்தம் அப்படியே இருக்கு” என்றாள். திரும்ப ஏற இருபத்தைந்து நிமிஷம் ஆனது. திங்கட்கிழமைக்குள் பதினான்கையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நவம்பர் முதல் வாரம் மழை பிடித்தது. மலைகளிலிருந்து எல்லா ஆறும் ஏரிக்குள் இறங்கின. ஏரி இரைச்சல் இல்லாமல் வரும். சந்துகளில் பலகை போட்டு நடந்தோம். நான் தினமும் காலையில் அவள் வீட்டுப் படியில் நீர் நின்ற இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவந்தேன். வியாழன் மூன்றாவது படி, வெள்ளி நான்கு, சனி ஐந்து.

சனிக்கிழமை இவானோ தொடை வரை ரப்பர் பூட்ஸுடன் மேலே வந்து, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம் என்றான். அவர்களிடம் மஞ்சள் தூக்குப்படுக்கை இருக்கிறது. படுக்கவைத்து, கட்டி, ஜன்னல் வழியே இறக்கிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை.

ஒனோரினா ஊசியை மடியில் வைத்தாள்.

“நான் அந்த ஜன்னல் வழியா போகமாட்டேன்டா.”

“அத்தை, படி அஞ்சு முங்கிப்போச்சு. வேற வழி இல்லீங்க.”

“அது வழியா போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா? ஒருத்தர் பேரைச் சொல்லு.”

உண்மையிலேயே யாரும் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் மாத்திரைப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். பயந்தவரிடம் நியாயம் பேசினால் பயம்தான் கெட்டிப்படும் என்று வேலையில் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்டேன்.

படி வழியே நீரில் இறக்குவதையும் யோசித்துப் பார்த்தேன். ஊறிய மரம், இரண்டு ஆள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க இடமில்லை, கீழே வந்தபின் அவள் இடுப்பளவு பனித்தண்ணீரில் உட்கார வேண்டும். வாசல் நிலைக்கும் நீருக்கும் நடுவே படகு நுழைய இடமில்லை. மறுநாள் நெஞ்சுச் சளியோடு போனால் மயக்க டாக்டர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது படி. அன்று பூசைக்குப் பாதிரியாரால் வரமுடியவில்லை. அறையில் விறகடுப்பு எரிந்தது; சுவர் வியர்த்தது; கழிவு வாளியை நான்தான் எடுத்துப்போனேன். மக்காச்சோள மாவைக் கிண்டிய பொலெந்தாவும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள். ஏரி முழுக்க மூடுபனி. ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லாத நாள். அவள் அப்போதும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“எது முடியாது உனக்கு? ஒவ்வொண்ணா சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லாதே, அது தெரியும்.”

“என்னடி நர்ஸம்மா, பரீட்சை வைக்கறியா?”

“ஆமா. சொல்லு.”

அவள் ஊசியால் மடியைத் தட்டித் தட்டிச் சொன்னாள். படுத்துக்கொண்டு போகமாட்டாள். கால் முன்னே போகக்கூடாது. யாரும் தொப்பியைக் கழற்றக்கூடாது. கயிற்றை யாரும் கையில் மட்டும் பிடிக்கக்கூடாது, தூணில் சுற்றியிருக்க வேண்டும். கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, “கௌதென்சியோவுக்குத் தெரியக்கூடாது” என்றாள்.

கௌதென்சியோ எங்கள் மணிக்காரன். எண்பத்திரண்டு வயது, காது பாதிக்கு மேல் கேட்காது. ஒனோரினா வீட்டை ஒட்டிய கோயில் கோபுரத்துக்குக் கீழேதான் வீடு. யார் செத்தாலும் வயதைக் கேட்காமல் மனதிலிருந்தே மணி அடிப்பான்: பெண்ணென்றால் இரண்டிரண்டாக, ஆணென்றால் மூன்று மூன்றாக, அதன் பிறகு வயதுக்கு ஒன்றாக. கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். உயிரோடு இருப்பவர்களையும் எண்ணிக்கொண்டிருப்பவன்போல் பார்ப்பான். அதுதான் அவளுக்குப் பிடிக்காது.

“வந்து கீழ நின்னு தொப்பியை நெஞ்சுல வெச்சுக்குவான். அதைப் பாத்தா நான் அங்கேயே செத்துருவேன்.”

நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஆறு நிபந்தனையில் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. ஆறாவதை ஒத்துக்கொண்டது என் தப்பு. அது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உணவுக்கடைச் சமையல்காரன் ததேயோவை அழைத்துக்கொண்டு போனேன். பெரிய ஆள், பன்றித்தொடையைக் கொக்கியில் ஒற்றைக் கையால் மாட்டுகிறவன். அவளுடைய கைப்பிடி நாற்காலியையே எடுத்துக்கொண்டோம். நோயாளிகளைத் தூக்கும் துணித்தொட்டில் ஒன்று என்னிடம் உண்டு. அதை அவளுக்குக் கீழே விட்டு, நாற்காலியோடு சேர்த்து நான்கு இடத்தில் கட்டி, ஒவ்வொரு கட்டையும் நானே தொங்கிப் பார்த்தேன். கயிறு புதியது. கப்பியிலிருந்து உள்ளே வந்து அறையின் நடுத்தூணை மூன்று சுற்று சுற்றி ததேயோவின் கைக்குப் போனது. இவானோ கீழே படகில். தொப்பி பற்றி இருவரிடமும் தனித்தனியாக இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

ஒனோரினா நீல மேலாடையைப் போட்டு, தலைக்குத் துணி கட்டி, மடியில் வலையை வைத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்திருந்தது.

நாற்காலியைச் சாய்த்து விளிம்பைத் தாண்டவைத்தோம். முதுகு வெளியே, முகம் எங்களுக்கு. கயிறு இறுகியது. ஒரு நொடி அவள் எடை முழுவதும் கப்பியில் நின்று மெல்லச் சுழன்றது. கண்ணை மூடவில்லை, நான் பார்த்தேன். கை மடியிலிருந்த வலையில் ஒரு கண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு பெயர்ந்த இடம் வந்ததும் வலது கையை நீட்டிச் சுவரிலிருந்து தன்னைத் தள்ளிக்கொண்டாள். கயிறு ஒரு முழம்கூட நழுவவில்லை. மூடுபனி அவ்வளவு கெட்டி. கீழே வரவர அவள் உருவம் கலங்கியது. நாற்காலி படகுப் பலகையில் உட்காரும் சத்தம் கேட்டது.

பிறகு இவானோவின் குரல்: “வந்தாச்சு, அத்தை.” அதற்குப் பதிலாக அவள்: “தொப்பி எங்கடா?”

சொல்லி வைத்திருந்தும் கை தானாகக் கழற்றியிருக்கிறது. அதை அவன் மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

நான் என் பையை எடுத்துக்கொண்டு படி வழியே இறங்கி, இடுப்பு வரை தண்ணீரில் நடந்து, வாசலைச் சுற்றிப் படகில் ஏறினேன். ததேயோ மேலேயே இருந்தான், அடுப்பை அணைக்க. அப்போதுதான் அவன் கையும் தானாக ஒரு வேலை செய்தது. கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டவன், பழக்கத்தில் ஜன்னலின் பச்சை மரக்கதவு இரண்டையும் இழுத்துச் சாத்திவிட்டான்.

எங்களுக்கு அது தெரியாது. வெள்ளத்தில் அடித்து வந்த மரங்கள் ஏரி முழுக்க மிதந்தன. இவானோ மெதுவாகத்தான் ஓட்டினான். ஒனோரினா நாற்காலியில் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி போர்த்திவிட்டேன். நாடி தொண்ணூற்றாறு. சுற்றிலும் வெள்ளை. தீவு பின்னால் மறைந்த பிறகு அவள் முதல் முறையாக மூச்சை முழுதாக இழுத்து விட்டாள்.

மணி அடித்தது.

இரண்டு. நிறுத்தம். இரண்டு. நிறுத்தம். இரண்டு.

“பொம்பளை” என்றாள் ஒனோரினா. “யாரு போயிட்டா? ரோஸால்பாவா?”

“ரோஸால்பா காலைல ரொட்டி வாங்க வந்தாங்களே” என்றான் இவானோ. சொன்னவன் வாயை மூடிக்கொண்டான். எனக்கும் அதே நேரத்தில் புரிந்தது. கோபுரத்தடியிலிருந்து கௌதென்சியோவுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இதுதான்: மூடுபனிக்குள் கப்பியில் ஏதோ இறங்கியது, படகில் நின்றவன் தொப்பியைக் கழற்றினான், பிறகு, எங்களுக்குத் தெரியாமலே, ஜன்னல் சாத்தப்பட்டது. இதற்கு எங்கள் தீவில் ஒரே அர்த்தம்தான். அவனிடம் மட்டும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூற்றுப் பதினெட்டு, நடுநடுவே ஒன்று விட்டுப்போனது.

“படகைத் திருப்பு.”

“அத்தை...”

“திருப்புடா. எனக்கு அடிக்கறான். அடிச்சதுக்கப்புறம் கத்திக்குக் கீழ போய்ப் படுக்க நான் என்ன பைத்தியமா?”

இவானோ விசையைக் குறைத்தான். படகு நின்று குறுக்கே திரும்ப ஆரம்பித்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். இடுப்பு அவளுடையது; போவதா திரும்புவதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்தில் வேண்டாம் என்றவரை நான் எங்கும் இழுத்துப்போனதில்லை. ஆனால் திரும்பினால் அவள் மறுபடி அந்த அறைக்குள் போவாள், இனி எழுந்திருக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். எப்படி முடியும் என்றும் தெரியும்: முதலில் படுக்கைப் புண், பிறகு நுரையீரல், பிறகு அதே ஜன்னல். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன்.

வயது மணி தொடங்கியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விடும் நேரம். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த மணியை எண்ணாமல் இருக்க முடியாது. ஒனோரினாவின் உதடு அசைந்தது. முப்பது. நாற்பது. ஐம்பதைத் தாண்டும்போது படகு முழுவதும் திரும்பி, மூக்கு தீவைப் பார்த்திருந்தது. அறுபது. எழுபது. எழுபத்தொன்று.

அவள் கண்ணை மூடினாள்.

எழுபத்திரண்டு.

கண் திறந்தது.

எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு. அதோடு நின்றது. தண்ணீர் படகின் பக்கத்தைத் தட்டும் சத்தம் மட்டும்.

“எத்தனை எண்ணினே?” என்று என்னைக் கேட்டாள்.

“எழுபத்தி நாலு.”

“நானும் அதான் எண்ணினேன்.” இவானோவைப் பார்த்தாள். அவனும் தலையாட்டினான்.

மூக்கை மேலாடையின் முனையில் துடைத்தாள்.

“எனக்கு எழுபத்தொண்ணு. எழுபத்தி நாலு அவளுக்கு. பெரியவளுக்கு. புஸ்தகத்துல முதல்ல வர்ற ஒனோரினா அவதானே. அந்தக் கிழவன் அவ வருஷத்தை எடுத்து எண்ணியிருக்கான்.”

நான் கம்பளியை அவள் தோளுக்கு இழுத்துவிட்டேன்.

“அஞ்சு மாசக் குழந்தைக்கு மணி அடிக்கலைன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. இப்ப அடிச்சாச்சு. நல்லா நிறுத்தி நிதானமா அடிச்சிருக்கான்.” ஊசியைக் கையில் எடுத்தாள். “என்னடா பாக்கற? மணி என்ன ஆச்சு? பன்னெண்டுக்குள்ள போகணும்னு நர்ஸம்மா நாலு நாளா கத்தறா. ஓட்டு.”

இவானோ படகைத் திருப்பினான். கரைக்குப் போய்ச் சேரும்வரை அவள் வலையில் ஒன்பது கண் கட்டினாள். நாடி மறுபடி தொண்ணூறுக்கு வந்தது. துறையில் ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, இதில் யார் கட்டியது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். பதினொன்று இருபதுக்கு அவள் படுக்கையில் இருந்தாள். வார்டுப் பெண் வலையை வாங்கி வைக்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

அங்கிருந்து ததேயோவுக்குப் போன் போட்டோம். மணி கேட்டதும் அவனே கோபுரத்துக்கு ஓடி, கையைக் காலை ஆட்டி, கௌதென்சியோவுக்கு விஷயத்தைப் புரியவைத்திருந்தான். ஊர் முழுக்கவும் சொல்லியிருந்தான். ஆனால் மணி கேட்டு அவளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தியை யாரும் அணைக்கவில்லையாம். ஜன்னல் வழியே போயாயிற்று, கதவு சாத்தியாயிற்று, மணியும் அடித்தாயிற்று. இன்று இல்லாவிட்டால் நாளைக்கு என்கிறார்களாம். இதை நான் அவளிடம் மறைக்கவில்லை. மறைத்தால் அவளே கண்டுபிடிப்பாள்.

“அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள். “நீ காலையில போய் என் துணியைத் துவைச்சுப் போடு. உள்ளாடை, பாவாடை, எல்லாம். ஏரிப்பக்கம் போடு.”

“ஒம்போது நாள்...”

“அதுக்குத்தான்டி சொல்றேன்.”

இரவு வார்டு நாற்காலியில் இருந்தேன். செவ்வாய் காலை ஏழு பத்துக்கு அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். வலையையும் ஊசியையும் என்னிடம் கொடுத்தாள். எட்டு மணிக்கு இவானோவின் படகில் தீவுக்கு வந்தேன்.

மழை விட்டிருந்தது. பலகைகள் மேல் நடந்து போகும்போது இரண்டு மூன்று பேர் கறுப்புச் சால்வையோடு எதிரே வந்து என் முகத்தைப் படித்தார்கள். நான் நிற்கவில்லை. தீவிலுள்ள முப்பத்தாறு பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மத்தியானம் ஆகிவிடும். மேலே ஏறி மரக்கதவின் தாழை எடுத்து இரண்டையும் சுவரோடு சேரத் திறந்து கொக்கி மாட்டினேன். அடுப்பு மூட்டினேன். பெரிய பானையில் தண்ணீர் காயவைத்து, இரண்டு இரவு அங்கி, மூன்று உள்ளாடை, சாம்பல் நிறப் பாவாடை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கசக்கி அலசினேன். என் விரல் மூட்டுகளுக்கு அது நல்ல வேலை இல்லை. ஆனாலும் செய்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பிகளில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக் கிளிப் மாட்டினேன். கீழே கௌதென்சியோ தன் சின்னத் துடுப்புப்படகில் நின்றுகொண்டிருந்தான். வெறும் தலை, தொப்பி நெஞ்சில். உள்ளாடையிலிருந்து சொட்டிய தண்ணீர் படகுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் ஒவ்வொரு துணியாக மேலே பார்த்தான். பிறகு தொப்பியைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, துடுப்பை எடுத்தான்.

பத்தேமுக்காலுக்கு வார்டிலிருந்து போன் வந்தது. புது மூட்டு உட்கார்ந்துவிட்டது, கண் திறந்தாள், ஊசி எங்கே என்று கேட்டாள். சரி என்று வைத்துவிட்டு, சாக்கட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஆறாவது படி ஈரமாக வெளியே தெரிந்தது. தண்ணீர் ஐந்தாவதில் நின்றது. அங்கே ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதினேன்.